நாற்பதைக் கடந்த கடைச் சிப்பந்திகள்

ஐக்கிய அமெரிக்க நாட்டிலே சர்க்யூட் சிட்டி என்னும் பெயருடைய பெருங்கம்பெனி ஒன்று இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி, வானொலி, கம்ப்யூட்டர் முதலிய மின்சாரச் சாமான்களைச் சில்லறையாக விற்பது அதன் தொழில். 2007-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ந் தேதியன்று அக்கம்பெனியார் தம் கடைகளில் வேலை பார்த்துவந்த 3,400 பேரை ஒரே நாளில் நிறுத்தினர். வியாபாரம் மந்தமாகும்போது ஆட்களைக் குறைப்பது புதிதன்று. அதற்கென ஒரு கட்டுரை எழுத வேண்டுவதுமில்லை. புதுமையெல்லாம் கம்பெனியார் கூறிய காரணத்தில்தான் இருந்தது. நிறுத்தப்பட்டவர்கள் சோம்பேறிகள் என்றாவது, களவு செய்தனர் என்றாவது, அவர்கள் பார்த்த வேலை இனி இல்லை என்றாவது அவர்கள் சொல்லவில்லை. அச்சிப்பந்திகள் பெற்றுவந்த கூலி சந்தை நிலவரத்திற்கு மிகவும் மேற்பட்டுவிட்டது என்றனர். அவ்விடங்களில் குறைந்த கூலிக்குப் புதியவர் அமர்த்தப்படுவர் என்றும், நீக்கப்பட்டவர்களும் விரும்பினால் பத்து வாரம் கழித்து அக்குறைந்த கூலிக்கே மனுச் செய்துகொள்ளலாம் என்றும் அறிவித்தனர்.

ஒரு கடையில் எவருடைய சம்பளம் சந்தை நிலவரத்திற்கு மேற்பட்டிருக்கும்? நேற்று வந்தவனுடையதன்று. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்வு பெற்று, வந்த கடையிலேயே தங்கிவிட்டவனுடையதே மேற்பட்டிருக்கும். சம்பளப் பட்டியல் எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட எம்போன்ற தோட்டத்துக் கிராணிகளுக்கு இது சொல்லாமலே விளங்கும். பட்டியலில் வயதுக்கென்று ஒரு கலம் இல்லாமற் போகலாம். ஆயினும் மாதச் சம்பளக்காரரின் தொகைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திப் பார்த்தால், நரைத்த தலைகளின் வரிசையும் ஏறத்தாழ அதுவாகவே இருக்கும். (பால் வெட்டும் ஆட்களின் கதை வேறு. கத்தி பிடித்து முப்பது ஆண்டானவருக்கும் மூன்று ஆண்டானவருக்கும் கூலி விகிதம் ஒன்றே. ஆதலின் முதுமை அவர்களைச் சம்பளத்தால் தாக்குவதில்லை. கண்ணாலும் முழங்காலாலும் தாக்குகிறது.) ஆகவே, 'அதிகச் சம்பளம் வாங்குபவரை நீக்கினோம், முதியவரை நீக்கவில்லை' என்று ஒரு முதலாளி கூறுவாராயின், அஃது உண்மையா, உண்மையின் உடை தரித்த வேறொன்றா? இக்கேள்வி அமெரிக்க நாட்டின் கோர்ட்டுகளையும் சட்டசபைகளையும் நெடுநாள் அலைக்கழித்திருக்கிறது. அதன் சரித்திரத்தைச் சற்று முன்னிருந்தே காண்போம்.

நீண்டகால ஊழியம் என்பது கடைகளில் தானே முளைத்த செடியன்று. முதலாளிகளே விதைபோட்டு வளர்த்தனர். பாரிஸ் மாநகரில் அரிஸ்தீத் பூசிகோ என்பவர் 1852-இல் பங்காளியாகச் சேர்ந்து பெருக்கிய 'போன் மார்ஷே' என்னும் துணிக்கடை, பின்னர் உலகமெங்கும் எழுந்த பெரும் பண்டகசாலைகளுக்கு வழிகாட்டியாக விளங்கியது. பேரம் பேசுதல் இன்றிச் சீட்டில் கண்ட விலைக்கே விற்பது அங்கு வழக்கமாயிற்று. அத்தகைய கடையில் வாங்க வருபவர் நம்புவது சரக்கை மட்டுமன்று. அதனை எடுத்துக் காட்டும் மனிதரையுமே. பட்டின் ரகம் அறிந்து, வாடிக்கைக்காரரின் முகம் அறிந்து பழகிய ஒருவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டால் நட்டம் கடைக்கே. ஆதலால் 1876-இல் பூசிகோ தம் சிப்பந்திகளுக்காக ஒரு சேமநிதி ஏற்படுத்தினார். ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர் அதில் இடம் பெற்றனர்; சம்பளத்தில் பிடித்தம் இல்லை; கடையின் லாபத்திலிருந்தே பணம் போடப்பட்டது. அவர் காலமான பின்னர், அவர் மனைவியார் 1886-இல் உபகாரச் சம்பள நிதி ஒன்றையும் நிறுவினார். தரும சிந்தை அதில் இல்லையென்று நாம் கூறோம். ஆனால் 'இங்கேயே இரு. இருந்தால் உனக்கு உண்டு' என்பதே அதன் சாரம். அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் கம்பெனியார் 1916-இல் தொடங்கிய லாபப் பங்கு நிதியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதில் ஊழியர் ஒரு பங்கு கட்டினர். கம்பெனி தன் லாபத்தில் ஒரு பங்கைச் சேர்த்தது. நிதியின் பெரும்பகுதி கம்பெனியின் பங்குகளாகவே வைக்கப்பட்டது.

எல்லாக் கடைகளும் போன் மார்ஷேயைப் போன்றவையல்ல. அக்காலத்துப் பாரிஸிலும் வேறு முகம் உண்டு. எமில் ஸோலா 1883-இல் வெளியிட்ட கடைநாவலில், கோடை மாதங்களில் வியாபாரம் ஓயும்போது சிப்பந்திகளைக் கூட்டங்கூட்டமாக வெளியேற்றுவது விரிவாகச் சித்திரிக்கப்பட்டிருக்கிறது. அவர் அதனைக் கற்பனையிலிருந்து மட்டும் எழுதவில்லை. பெருங்கடைகளுக்கு நேரிற் சென்று குறிப்பெடுத்தே எழுதினார். இங்கிலாந்திலோ சிப்பந்திகள் முதலாளியின் மாடியிலேயே படுத்து, அவர் போடும் சோற்றையே உண்ணும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரவியிருந்தது. அங்கே வேலை போனால் படுக்கையும் உடனே போயிற்று. அவ்வாழ்க்கையை அனுபவித்த மார்கரெட் பாண்ட்பீல்டு என்னும் அம்மையார் கடைச்சிப்பந்தி சங்கத்தில் உழைத்து, 1929-இல் பிரிட்டிஷ் மந்திரிசபையில் அமர்ந்த முதற் பெண்மணியானார்.

நாற்பது என்னும் எல்லைக்கும் ஒரு கதை உண்டு. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 22-ந் தேதி, பெயர்பெற்ற வைத்தியராகிய வில்லியம் ஆஸ்லர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் விடைபெறும் பிரசங்கம் செய்தார். உலகத்தின் சிறந்த காரியங்கள் இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினராலேயே ஆயின என்றும், அறுபதைக் கடந்தவர் ஓய்வு பெறுவதே உலகிற்கு நலம் என்றும் அவர் கூறினார். ஒரு பழைய நாவலைச் சுட்டி, அறுபதை ஒட்டியவர்களுக்குக் குளோரோபாரம் கொடுத்துவிடலாம் என்னும் யோசனையையும் விளையாட்டாகக் குறிப்பிட்டார். அப்போது அவருக்கு வயது 55. மறுநாட் பத்திரிகைகள் விளையாட்டை விட்டுவிட்டுக் குளோரோபாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. பெரிய கூக்குரல் எழுந்தது. கூக்குரல் அடங்கிய பின்னும், நாற்பதுக்கு மேற்பட்டவன் வேலைக்கு ஆகான் என்ற எண்ணம் ஒரு மேதையின் முத்திரை பெற்று ஊரெங்கும் உலவிற்று.

அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே அமெரிக்க அரசாங்கத்தார் இவ்வெண்ணத்தை எடுத்து ஆராய்ந்தனர். நிறம், மதம், பால் முதலிய வேற்றுமைகளை வேலையில் பாராட்டலாகாது என்று விதித்த 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வயது இடம் பெறவில்லை. அதனை ஆராய்ந்து அறிக்கை தருமாறு தொழில் மந்திரி மட்டும் பணிக்கப்பட்டார். வில்லார்டு விர்ட்ஸ் என்பவர் 1965-இல் அவ்வறிக்கையைக் கொடுத்தார். தனியார் கம்பெனிகளில் திறந்த வேலைகளில் ஏறத்தாழப் பாதி, 55-க்கு மேற்பட்டவருக்குக் கதவடைத்திருந்தது. கால்பங்கு 45-க்கு மேற்பட்டவருக்கே அடைத்திருந்தது. இதில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது வேறொன்று. நிறவெறுப்பைப் போன்ற வெறுப்பு இங்கே காரணமன்று என்று விர்ட்ஸ் கண்டார். முதியவன் தளர்ந்திருப்பான், புதியது கற்கமாட்டான் என்னும் ஊகமே பெரிதும் காரணம். முதியவரை எவரும் பகைப்பதில்லை. எல்லோரும் இரங்கவே செய்கின்றனர். இரக்கத்தோடு வெளியே அனுப்புவதற்கு எதிராகச் சட்டம் எழுதுவது எளிதன்று.

எனினும் சட்டம் எழுதப்பட்டது. 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் அதில் கையொப்பமிட்டார். நாற்பது முதல் அறுபத்தைந்து வயது வரையுள்ளவரை வயது காரணமாக வேலையினின்று நீக்குதலும், வேலைக்கு எடுக்க மறுத்தலும் கூடா என்பது அதன் கருத்து. 1978-இல் மேல்எல்லை எழுபதாயிற்று. 1986-இல் பெரும்பாலோர்க்கு மேல்எல்லையே எடுபட்டது.

அதன்பின் முதலாளிகள் எச்சரிக்கையாயினர். 'வயதாகிவிட்டது' என்ற சொல் கடிதங்களிலிருந்து மறைந்தது. கையிலே கொஞ்சம் பணம் கொடுத்து, 'இனி வழக்காடமாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் பெருகிற்று. இதற்கெதிராக 1990-இல் செய்யப்பட்ட திருத்தம், கணக்கெழுதும் எமக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. பலரை ஒருசேர நீக்கும்போது நாற்பதைக் கடந்தவரிடம் அத்தகைய கையெழுத்து வாங்க வேண்டுமானால், யோசிக்க 45 நாள் கொடுக்க வேண்டும். கையெழுத்திட்ட பின்னும் ஏழு நாளுக்குள் மனம் மாறலாம். அதனோடு ஒரு பட்டியலும் கொடுக்க வேண்டும். அப்பகுதியில் நீக்கத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர் இன்னின்ன வேலையினர், இன்ன வயதினர்; தங்கியிருப்பவர் இன்னின்ன வேலையினர், இன்ன வயதினர் என்று இரண்டையும் அதில் காட்ட வேண்டும். பெயர் தேவையில்லை, வயது தேவை. சம்பளப் பட்டியலில் இல்லாத கலம் இங்கே சட்டத்தின் கட்டளையால் தோன்றுகிறது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, அறுபது, நாற்பத்தொன்பது என்று ஒருபுறமும், இருபத்தாறு, முப்பத்தொன்று, இருபத்து நான்கு என்று மறுபுறமும் எழுதியிருப்பதைக் கண்ட ஒரு விற்பனைக்காரி வக்கீலிடம் கேட்காமலே விஷயத்தை அறிந்துகொள்வாள். இவ்விதிகளை மீறி வாங்கிய கையெழுத்து வயது வழக்கைத் தடுக்காது என்றும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடாமலே வழக்காடலாம் என்றும் 1998-இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர்.

ஆயினும் பட்டியல் வயதைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. காரணம் பற்றிய பெருந்தீர்ப்பு 1993-இல் வந்தது. மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் ஒரு காகிதக் கம்பெனியார் 62 வயது நிரம்பிய ஓர் ஊழியரை, அவருக்கு உபகாரச் சம்பள உரிமை நிலைபெறச் சில வாரங்களே இருக்கும்போது நீக்கினர். ஹேசன் பேப்பர் வழக்கு எனப்படும் அவ்வழக்கில் நியாயாதிபதி ஸாண்ட்ரா டே ஓ'கானர் அம்மையார், வயது வேறு, ஊழிய ஆண்டுகள் வேறு என்று எழுதினார். நாற்பதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவர் இளமையிலேயே சேர்ந்து பல ஆண்டு ஊழியம் செய்திருக்கலாம். அறுபது வயதினர் ஒருவர் அண்மையிற் சேர்ந்திருக்கலாம். ஆதலால் உபகாரச் சம்பளத்தைத் தடுக்கும் எண்ணத்தால் நீக்கியது வேறு சட்டப்படி குற்றமாகுமேயன்றி, அதனாலேயே வயதுக் குற்றமாகிவிடாது என்பது தீர்ப்பு.

தர்க்கத்தில் பிழை இல்லை. இரண்டும் வேறுதான், மழை வேறு, ஈரம் வேறு என்பதுபோல. ஆனால் ஒரு கடையிலே இருபத்தைந்து ஆண்டு ஊழியம் செய்தவர் நாற்பதுக்குக் கீழ்ப்பட்டவராயிருத்தல் கூடுமோ? பதினைந்து வயதுக்கு முன்னரே அவர் விற்பனை மேசைக்கு வந்திருந்தாலன்றி ஆகாது. வேறுவேறான இரண்டு பொருள்கள் ஒரே மனிதர் மேலேயே வந்து கூடுமாயின், ஒன்றை அடித்தால் மற்றொன்றுக்கும் வலிக்கும். 2005-இல் மிஸிஸிப்பி மாகாணத்து ஜாக்ஸன் நகரப் போலீசார் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் இதனை ஓரளவு ஒப்பினர். கெட்ட எண்ணம் இல்லாவிடினும், ஒரு விதி முதியோரை அதிகம் தாக்கினால் வழக்குத் தொடரலாம் என்றனர். ஆயினும் வயதல்லாத நியாயமான வேறு காரணம் ஒன்று இருந்தால் முதலாளி தப்பலாம் என்றும் கூறி, அப்போலீசாரைத் தோற்கவே விட்டனர்.

கலிபோர்னியா மாகாணத்துச் சட்டசபையினர் மட்டும் இவ்விஷயத்தைச் சுற்றி வளைக்காது நேரே அணுகினர். அம்மாகாணத்து மேல்கோர்ட்டு ஒன்று 1997-இல், முதியோர் அதிகம் பாதிக்கப்பட்டாலும் குறைந்த சம்பளக்காரரையே முதலாளி விரும்பி வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. சட்டசபையார் அத்தீர்ப்பைப் பெயர் சுட்டி நிராகரித்து, 1999-இல் புதுச்சட்டம் செய்தனர். வேலையினின்று நீக்குவதற்குச் சம்பளத்தையே அளவுகோலாகக் கொண்டு, அதனால் முதியோர் ஒரு கூட்டமாகப் பாதிக்கப்படுவாராயின், அது வயதுப் பாரபட்சமாகக் கருதப்படலாம் என்பது அச்சட்டம். 2007-இல் சர்க்யூட் சிட்டியின் நீக்கத்தை எதிர்த்துச் சிப்பந்திகள் வயது வழக்குத் தொடுத்த இடம் கலிபோர்னியாவாக இருந்ததன் காரணம் இப்போது விளங்கும். மற்ற மாகாணங்களில் கம்பெனியார் வெளிப்படையாகக் கூறிய காரணமே அவர்களுக்குக் கேடயம். இங்கே அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சி.

அக்கம்பெனியின் கதையையும் சிறிது கூறவேண்டும். ஸாமுவேல் வர்ட்ஸல் என்பவர் 1949-இல் ரிச்மண்டு நகரில் முடிதிருத்தும் கடையொன்றில் அமர்ந்திருந்தபோது, அவ்வூரில் தொலைக்காட்சி நிலையம் ஒன்று ஏற்படப் போகிறது என்று கேள்வியுற்றாராம். அப்படியானால் பெட்டி விற்கலாமே என்று கடை போட்டாராம். அக்கடை வளர்ந்ததற்கு அதன் விற்பனைக்காரரே பெருங்காரணம். இப்பெட்டிக்கும் அப்பெட்டிக்கும் என்ன வேற்றுமை என்று வந்தவருக்கு விளக்கிச் சொல்லி, விற்றதற்குத் தரகு வாங்கியவர்கள் அவர்கள். 2001-இல் வெளிவந்த பெயர்பெற்ற வியாபார நூலொன்று, மிகச் சிறந்தனவென்று தெரிந்தெடுத்த பதினொரு கம்பெனிகளுள் இதனையும் சேர்த்தது. 2003-இல் கம்பெனியார் தரகு முறையை ஒழித்து மணிக்கூலி முறைக்கு மாறி, தரகில் அதிகம் சம்பாதித்த ஏறத்தாழ 3,900 பேரை நீக்கினர். நான்கு ஆண்டில் அதே கத்தியை மறுபடியும் எடுத்தனர்; அதுவே தொடக்கத்தில் கூறிய 2007-ஆம் ஆண்டு நீக்கம். 2008 நவம்பரில் கடனிறுக்க மாட்டாது கோர்ட்டின் பாதுகாப்பைத் தேடினர். 2009 ஜனவரியில் எஞ்சியிருந்த 567 கடைகளையும் மூடுவதாக அறிவித்தனர். மலிவான கூலிக்கு வந்தவர்களும் உட்பட 34,000 பேர் தெருவில் நின்றனர்.

முதியோரை நீக்கியதனாலேயே கம்பெனி அழிந்தது என்று கூறுதல் மிகையாகும். எதிர்க்கடையின் போட்டி, விலைவீழ்ச்சி, 2008-ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவு எல்லாம் கூடியே அதனை அழித்தன. முதலாளியின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. லாபம் குறுகிய தொழிலில் எதிர்க்கடைக்காரனைவிட அதிகக் கூலி கொடுத்து நெடுநாள் நிற்க முடியாது. ஆனால் ஒன்று கேட்கலாம். கூலிதான் குறையென்றால், 'இனி இவ்வளவுதான் தரமுடியும், சம்மதமா?' என்று அந்த 3,400 பேரிடமும் முதலில் கேட்டிருக்கலாமன்றோ? முதலில் வெளியே தள்ளிவிட்டுப் பத்து வாரம் கழித்து வா என்பானேன்? பத்து வாரம் வருவாயின்றி வீட்டிலிருந்தவன் பேரம் பேசமாட்டான் என்னும் கணக்கு அதிலிருந்திருக்குமோ என்று எமக்கு ஓர் ஐயம்.

இங்கிலாந்தில் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியில் சென்றது. ஆட்குறைப்பால் வேலை இழந்தவருக்கு ஈட்டுத்தொகை கணக்கிடும்போது, 22 வயதிற்கு முன் செய்த ஊழியத்திற்கு ஆண்டுக்கு அரை வாரச் சம்பளம். அதற்குமேல் ஒரு வாரம். 41-இலிருந்து ஒன்றரை வாரம். மொத்தம் இருபது ஆண்டுக்கு மேல் கணக்கில்லை. முதியவனுக்கு மறுவேலை கிடைப்பது அரிது என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆனால் அத்தேசத்திலும் உல்வர்த் கடைகள் 2008 நவம்பரில் நொடித்து, 807 கடைகளும் 2009 ஜனவரி 6-ந் தேதிக்குள் மூடப்பட்டபோது, ஏறத்தாழ 27,000 பேர் வேலை இழந்தனர். தொழிற்சங்கத்தைக் கலந்து பேசாமல் நீக்கியதற்காகப் பெரும்பாலோர்க்கு அறுபது நாட் சம்பளம் விதிக்கப்பட்டது. இருபது பேருக்குக் குறைவான கடைகளில் இருந்த ஏறத்தாழ 3,200 பேருக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கடையையும் தனித்தனி ஸ்தாபனமாகவே எண்ண வேண்டும் என்று 2015 ஏப்ரலில் ஐரோப்பியக் கோர்ட்டாரும் கூறிவிட்டனர். நீண்ட ஊழியத்தைக் கணக்கிடச் சட்டம் இருந்தும், சின்னக் கடையில் இருந்த குற்றத்திற்காக அவ்வறுபது நாட் சம்பளத்தை இழந்தவர்கள் அவர்கள்.

இனி நம் பக்கத்தை நோக்குவோம். சிங்கப்பூரில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வு வயதை 60 என்று விதித்தது; 1999-இல் அது 62 ஆயிற்று; 2022 ஜூலையில் 63 ஆயிற்று. வயது உள்ளிட்ட காரணங்களால் பாரபட்சம் காட்டலாகாது என்னும் மசோதாவும் 2025 ஜனவரியில் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. இருபத்தைந்து பேருக்குக் குறைந்த ஸ்தாபனங்களுக்கு மட்டும் தொடக்கத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. மலேசியாவில் 2013 ஜூலை முதல் ஓய்வு வயது 60. அதற்கு முன் வயதைக் காரணமாகக் காட்டி ஓய்வில் அனுப்புதல் குற்றம். ஆட்குறைப்பு நேர்ந்தால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த ஊழியத்திற்கு ஆண்டுக்குப் பத்து நாட் சம்பளமும், ஐந்து ஆண்டுக்குக் குறைந்ததற்குப் பதினைந்து நாளும், ஐந்தும் அதற்கு மேலும் ஆனால் இருபது நாளும் கொடுக்க வேண்டும்.

எவரை முதலில் நீக்குவது என்பதற்கோ, 1975-ஆம் ஆண்டில் முதலாளிகளும் தொழிலாளரும் ஒப்புக்கொண்ட தொழில் இணக்க நடத்தை விதிகளே இங்கு வழிகாட்டி. அவை சட்டமல்ல, ஆனால் தொழில் கோர்ட்டார் அவற்றைக் கருத்திற் கொள்ளலாம். கடைசியில் வந்தவரை முதலில் அனுப்புவது என்னும் பழைய வழக்கத்தையே கோர்ட்டாரும் பெரும்பாலும் பற்றி நிற்கின்றனர். அதனை மீற விரும்பும் முதலாளி தக்க காரணம் காட்டியாக வேண்டும். அவ்விதிகளில், ஆட்களைத் தெரிந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை என ஒரு பகுதி உண்டு. கம்பெனியின் தேவை, ஆளின் திறமை, அனுபவம், ஊழிய காலம், குடும்ப நிலைமை என்னும் இவற்றின் நடுவே 'வயது' என்று ஒரு சொல்லும் இருக்கிறது. வயது முதிர்ந்தவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதா, அனுப்பிவிட வேண்டும் என்பதா, அந்த வரியில் எழுதப்படவில்லை.